பஸ் நெற்றியில் ஊறிய சிவப்பு

சென்ற மாதம் திண்டுக்கல்லில் பெயிண்டர்களுக்கென்று ஒரு கூட்டம் நடந்தது. பெயிண்ட் விற்கிறவர்கள் நடத்தியது. வயதானவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார்கள். எனக்குப் போர்த்திய கை இறங்குவதற்குள் மைக்கைப் பிடித்திருந்த தம்பி சொன்னார்: "இவங்க காலத்துல ஃபைபரைப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியாது. இரும்புக்கு அடிச்ச மாதிரியே இதுக்கும் அடிச்சாங்க. உரிஞ்சா திரும்ப அடிச்சாங்க, அம்புட்டுதான்." கூட்டம் சிரித்தது. நான் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்து டீ சொன்னேன்.

இளைய பெயிண்டர்கள் நாலைந்து பேர் பின்னாலேயே வந்து, "கோவிச்சுக்கிட்டீங்களா பாய்?" என்று கேட்டார்கள். கோபம்தான். வயதாகிவிட்டால் கோபப்படக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. திண்டுக்கல்லுக்கு முதன்முதலாக வந்த ஃபைபர் பஸ் முகப்புக்கு ஸ்பிரே கன் பிடித்து அடித்தவன் நான். என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை என்னிடம் கேட்டிருக்கலாம். டீக்கடையில் அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அத்தா, தோலைப் பதனிட்டுச் சாயமேற்றுகிற தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்த வாடைக்குப் பயந்து இரும்புப் பெட்டி செய்கிற பட்டறையில் சேர்ந்தேன். ஐம்பதுகளில் நகைக்கடைக்காரர்கள் வாங்கும் பெட்டிகளுக்குப் பிரஷ்ஷால் பச்சை பெயிண்ட் பூசினேன். பிரஷ் கோடு தெரியாமல் பூசுகிறான் என்று பெயர் வந்ததும், பழனி ரோட்டில் பஸ் பாடி கட்டுகிற பட்டறைக்கு அழைத்தார்கள். அங்கே கம்ப்ரசர் இருந்தது. ஸ்பிரே கன்னைக் கையில் வாங்கிய அன்றே பிரஷ்ஷை மறந்துவிட்டேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான், இழுப்பதற்கு ஒன்றுமில்லை.

பட்டறைக்கு முதலாளி ஒருவர் இருந்தார். அவர் தகடு வாங்க, பணம் புரட்ட என்று ஊர் ஊராய்ப் போய்க்கொண்டிருப்பார். பட்டறை சடையாண்டி மேஸ்திரியின் கையில் இருந்தது. மெலிந்த மனிதர், வேட்டியை மடித்துக் கட்டி இடுப்பில் எப்போதும் ஒரு பழந்துணி செருகியிருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கலக்கிய பெயிண்டில் குச்சியை விட்டுத் தூக்கி, ஒழுகுகிற நூல் எங்கே அறுகிறது என்று பார்ப்பார். அறுகிற இடம் பிடித்திருந்தால் "ம்" என்பார். பிடிக்காவிட்டால் குச்சியை டப்பாவின் மேல் குறுக்காக வைத்துவிட்டுப் போய்விடுவார். பெயிண்டை நீர்க்கவைக்கிற தின்னர் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். நாம் அடித்துக்கொண்டிருக்கும்போது பார்க்க மாட்டார். முதுகைக் காட்டி நின்று கன்னின் சத்தத்தை மட்டும் கேட்பார். காற்றில் ஈரம் இருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும் அவருக்கு.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த பஸ்ஸாக இருந்தாலும் முகப்பைப் பொருத்தித் தேய்த்து முடித்ததும், பெயிண்டுக்கு முன்னால் அம்மனை வேண்டி அதன் நெற்றியில் நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம் வைப்பார். ஒரு சூடம் கொளுத்துவார். பிறகு அவரே இடுப்புத் துணியைத் தின்னரில் நனைத்து அந்தப் பொட்டைத் துடைத்து, துணியின் நனையாத முனையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதை வேறு யாரையும் துடைக்க விட மாட்டார். என்னை மட்டுமல்ல, யாரையும்தான். இரும்புத் தகட்டில் வைத்த பொட்டு ஒரே துடைப்பில் போய்விடும். அதன் பிறகுதான் நான் பிரைமர் அடிப்பேன். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்தது. எனக்கும் அதில் வருத்தமில்லை. பிஸ்மில்லா சொல்லாமல் நானும் கன்னைத் தொடுகிறவன் இல்லை.

அறுபதுகளின் கடைசியில் அந்த ஃபைபர் முகப்பு வந்தது. தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர், நாச்சிமுத்து என்று பெயர். தென்னந்தோப்பு, சோளக்காடு என்று நல்ல விவசாயம் உள்ளவர். அவர் வாங்கிய முதல் பஸ் அது. மதராஸில் யாரோ, முகப்பை இரும்பில் அடித்து வளைக்க வேண்டியதில்லை, கண்ணாடி நாரில் வார்த்து வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். லாரியில் வைக்கோல் சுற்றி வந்து இறங்கியது. ஓர் ஆள் தனியாகத் தூக்கிவிடலாம். தட்டினால் மண்பானைச் சத்தம். பட்டறையே சுற்றி நின்று தட்டிப் பார்த்தது.

"ஏலே அப்பு, இது வழுக்குதேலே. இதுல பெயிண்ட் நிக்குமா?" என்று மேஸ்திரி என்னிடம் கேட்டார்.

அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடவில்லை. உள்பக்க ஓரத்தில் ஒரு கையளவுக்கு அடித்துப் பார்த்தேன். பெயிண்ட் ஒட்டாமல் சின்னச் சின்ன வட்டமாக விலகி ஓடியது. அதன் மேல் தண்ணீரைத் தெளித்தேன். தாமரை இலையில் உருளுகிற மாதிரி உருண்டது. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரட்டும் என்று மெழுகு தடவித்தான் வார்த்திருக்கிறார்கள், அந்த மெழுகு மேலேயே இருக்கிறது என்பது அப்போது புரிந்தது. சோடா உப்பைச் சுடுதண்ணீரில் கரைத்துத் துணியால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். துணியைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த மெழுகை நாமே திரும்பப் பூசிவிடுவோம். தண்ணீர் உருளாமல் தாள் மாதிரி பரவி நிற்கும் வரை விடவில்லை.

மெழுகு போகாமல் உப்புத்தாள் போட்டால், மெழுகைக் கீறலுக்குள் இறக்கின மாதிரி ஆகும். அதனால் கழுவி முடித்த பிறகே தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். பளபளப்பு போனால் போதும். ஆழமாகத் தேய்த்தால் மேல்தோல் போய் உள்ளே இருக்கிற நார் தலைகாட்டும். அந்தத் தூள் கையில் பட்டால் அரிப்பு சாமானியத்தில் போகாது. சொறியச் சொறிய உள்ளே ஏறும். பச்சைத் தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நெற்றிப் பகுதியில் ஊசித் துளைகள் நிறைய இருந்தன. பட்டி வைத்து அடைத்துத் தேய்த்தேன்.

அடுத்தது கலர். நாச்சிமுத்து முதலாளிக்கு முகப்பு முழுக்க மெரூன் வேண்டும். நான் வேண்டாம் என்றேன். அடர்ந்த கலர் வெயிலைக் குடிக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஃபைபர் இளகினால் உள்ளே இருக்கிற கண்ணாடித் துணியின் பின்னல் மேலே தெரியும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றினால் போதுமா? ஓரத்தில் அறுத்து எறிந்த துண்டு ஒன்றில் மெரூனும் இன்னொன்றில் கிரீமும் அடித்துக் கூரை மேல் வெயிலில் போட்டேன். சில நாள் கழித்து எடுத்தபோது மெரூன் துண்டில் கோணிப்பை மாதிரி பின்னல் எழும்பியிருந்தது. கிரீம் அப்படியே இருந்தது. முதலாளி இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"செரிங்க பாய். உங்க பேச்சுக்குத்தான் கிரீம் வெக்கறேன்" என்றார். மெரூனைப் பக்கத் தகடுகளில் பட்டையாகப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது. கிரீம் என் பொறுப்பில் வந்து விழுந்தது இப்படித்தான்.

பெயிண்டுக்கு முன் மேஸ்திரி வழக்கம்போல் நெற்றியில் குங்குமம் வைத்தார், சூடம் காட்டினார், தின்னர் துணியால் துடைத்தார். பொட்டு போய்விட்ட மாதிரிதான் இருந்தது. பிரைமர் அடித்தேன். மறுநாள் கிரீம். முதல் கோட்டில் நெற்றி நடுவில் லேசாக ஒரு ரோஸ் நிழல் தெரிந்தது. இரண்டாவது கோட் அடித்து, காயும்போது பார்க்கிறேன், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு வட்டமாக எழுந்து நிற்கிறது. மூன்றாவது கோட் அடித்தேன். இன்னும் நன்றாக வந்தது.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பட்டி போட்டுத் தேய்த்த இடம் இரும்பு இல்லை, உறிஞ்சுகிற இடம். கடைக் குங்குமத்தில் சாயம் உண்டு. எண்ணெயோடு வைத்துத் தின்னரால் துடைத்தபோது அது வெளியே வரவில்லை, கரைந்து உள்ளே இறங்கிவிட்டது. பெயிண்டிலும் தின்னர்தானே இருக்கிறது? ஒவ்வொரு கோட்டும் அதைத் திரும்பக் கரைத்து மேலே இழுத்து வருகிறது. தோல் ஷாப்புக்காரன் வீட்டில் பிறந்தவனுக்குச் சாயம் ஊறுவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் மேஸ்திரியைத் தேடிப் போவதற்குள் விஷயம் ரோட்டுக்குப் போய்விட்டது. டீக்கடைக்காரர் வந்தார், லாரிக்காரர்கள் வந்தார்கள், எதிர் மில்லில் ஷிப்ட் விட்ட பெண்கள் வந்தார்கள். "தொடச்ச பொட்டு திரும்ப வந்திருக்காம்டி" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்த நாச்சிமுத்து முதலாளியும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து கை கூப்பி நின்றார். யாரோ ஒருவர் பஸ்ஸின் காலடியில் சூடத்தைக் கொளுத்தி வைத்தார்.

பக்கத்தில் தின்னர் டின் மூடி இல்லாமல் இருக்கிறது. பட்டறை முழுக்க பெயிண்ட் ஆவி. மேஸ்திரி சூடம் கொளுத்துவது பெயிண்ட் கலக்குவதற்கு முன்னால், டின்கள் வெளியே இருக்கும்போது. இது அப்படியில்லை. நான் பாய்ந்து ஒரு காலி டப்பாவை எடுத்துச் சூடத்தின் மேல் கவிழ்த்தேன். "வெளிய போங்க எல்லாரும்! தீப்பிடிச்சா ஒருத்தர் மிஞ்ச மாட்டீங்க!" என்று கத்தினேன். தீ அணைந்தது. கூட்டம் வெளியே போகாமல் என்னையே பார்த்தது. அந்தப் பார்வை நன்றாக இல்லை.

நாச்சிமுத்து முதலாளி என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க மேஸ்திரி, அம்மனுக்கு இந்தக் கை ஒப்பலைங்க போல இருக்குது. மூணு தடவ அடிச்சும் வேண்டாம்னு தள்ளுதுங்க. வேற கைய வெச்சு அடிச்சுப்போடுங்க."

கத்தவில்லை, திட்டவில்லை. அந்த 'ங்க' ஒன்றுகூடக் குறையவில்லை. மரியாதையாகச் சொன்னதாலேயே அது என்னைச் சுட்டது. பஸ் முதலாளிகள் ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் ஆள் வைப்பார்கள். 'அந்த பாய் கை ஒப்பாது' என்று ஒரு வார்த்தை ஒட்டன்சத்திரம், பழனி பக்கம் போய்விட்டால், பூஜை போடாமல் பஸ் எடுக்காத இந்தத் தொழிலில் எவன் எனக்கு வண்டி தருவான்? கன்னைக் கீழே வைத்துவிட்டுத் தோல் ஷாப்புக்குத்தான் போக வேண்டும். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். பொட்டு வைத்தவர் அவர், துடைத்தவர் அவர். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்.

"செரிங்க மொதலாளி. நாளைக்கு நானே அடிக்கிறேன்" என்றார் மேஸ்திரி.

கூட்டம் கலைந்ததும் அவரை கம்ப்ரசருக்குப் பின்னால் மறித்தேன். "நீங்க வச்ச குங்குமம்தான்னு ஒங்களுக்குத் தெரியும்ல? ஏன் சொல்லல?"

"என்னன்னுடா சொல்லச் சொல்றே? அம்மனுக்கு வச்ச பொட்டு கறைன்னா? என் வாயால அதச் சொல்லுவனா?"

"என் கையைக் கறைன்னு அந்தாளு சொன்னப்ப அந்த வாயி எங்க போச்சு மேஸ்திரி?"

அதுவரைக்கும் அவர் முன்னால் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினேன், இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை. அவர் சங்கடம் எனக்குப் புரிந்தது. ஆனால் அவர் சங்கடத்துக்கு நான் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

"நாளைக்கு நீங்க அடிங்க, நான் தடுக்கல. ஆனா பஸ்ஸுல இல்ல. முதல்ல நான் குடுக்கிறதுல அடிங்க" என்றேன்.

ஹெட்லைட்டுக்காக முகப்பில் அறுத்தெடுத்த இரண்டு வட்டத் துண்டுகள் மூலையில் கிடந்தன. இரண்டையும் கழுவி, ஒரே மாதிரி தேய்த்து, ஒரே பட்டியைப் பூசிக் காயவைத்து, மறுபடி தேய்த்தேன். மறுநாள் காலையில் நாச்சிமுத்து முதலாளி வந்ததும் இரண்டையும் அவர் முன்னால் பலகையில் வைத்தேன். நேற்றுக் கூடிய கூட்டத்தில் பாதி அன்றைக்கும் வந்திருந்தது. வரட்டும் என்றுதான் இருந்தேன்.

"மொதலாளி, ஒண்ணுல மேஸ்திரி அதே குங்குமத்த வச்சு அதே மாதிரி தொடைக்கட்டும். அவரே பெயிண்டும் அடிக்கட்டும். இன்னொண்ணுல பொட்டு இல்லாம நான் அடிக்கிறேன். எது செவக்குதுன்னு பாப்போம்."

அவர் முகம் கறுத்தது. "ஏனுங்க பாய், அம்மனையே சோதிக்கறீங்களா?"

"அம்மனை இல்லீங்க. குங்குமத்த."

மேஸ்திரி இப்போதும் மறுத்திருக்கலாம். மறுப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் மெதுவாக வந்து ஒரு வட்டத்தில் பொட்டு வைத்தார். எண்ணெய் குறையாமல், குங்குமம் குறையாமல், கோயிலில் வைக்கிற மாதிரி வைத்தார். இடுப்புத் துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரைமர் அடித்தோம். பிரைமர் காயும்வரை யாரும் நகரவில்லை. பிறகு அவர் கன்னை எடுத்தார். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மணிக்கட்டு வளையாமல், துண்டுக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்தார். அதைவிடச் சுத்தமாக யாரும் அடிக்க முடியாது. ஏமாற்ற நினைத்திருந்தால் மெல்லிசாகத் தூவிவிட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நானும் என்னுடையதை அடித்தேன்.

இரண்டாவது கோட் காயத் தொடங்கும்போது அவருடைய வட்டத்தின் நடுவில் ரோஸ் ஊறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. என்னுடையது பால்கோவா மாதிரி கிரீமாகவே இருந்தது.

மேஸ்திரி கன்னை வைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"என் கையும் அம்மனுக்கு ஒப்பலை போலருக்குங்க மொதலாளி."

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "வச்சது நான், தொடச்சது நான். இவன் அடிச்சதுல ஒரு குத்தமும் இல்ல. இனிமே இந்தப் பட்டறையில பெயிண்டு காஞ்சதுக்கு அப்பறந்தான் பொட்டு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஒரு நாள் பிந்திச் சொன்னாலும் சொன்னார். அதை நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன், ஒரு நாள் பிந்தியதையும் சேர்த்து.

நாச்சிமுத்து முதலாளி இரண்டு வட்டத்தையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப இதுக்கு என்ன பண்றதுங்க பாய்?" என்றார்.

"நெத்தியில செவந்த எடத்தை வெட்டி எடுத்துட்டு, புதுசாப் பட்டி வச்சு, அது மேல அலுமினியம் பெயிண்டு ஒரு கோட்டு. ஊறுறதை அது மறிக்கும். அப்பறம் கிரீம்."

"அப்ப நீங்களே அடிச்சுக் குடுத்துருங்க."

எல்லோரும் விஷயம் முடிந்தது என்று நினைத்துக் கலையத் தொடங்கினார்கள். நான் இடத்தைவிட்டு அசையவில்லை. கன் பலகையில் கிடந்தது. நான் எடுக்கவில்லை.

"அடிக்க மாட்டேங்க" என்றேன்.

மேஸ்திரி பதறிப்போய், "ஏலே, அதான் சரியாப்போச்சுல்ல, எடுத்து அடிறா" என்றார்.

"அவருக்குச் சரியாப்போச்சு மேஸ்திரி. எனக்கு ஆகல." நான் நாச்சிமுத்து முதலாளியைப் பார்த்துச் சொன்னேன்: "நேத்து இந்த எடத்துல நின்னு, இம்புட்டுப் பேர் முன்னாடி என் கை ஒப்பாதுன்னு சொன்னீங்க. அது இந்நேரம் தொப்பம்பட்டிக்கே போயிருக்கும். இன்னைக்கு அடிச்சுக் குடுன்னா அது போயிருமா? சொன்ன எடத்துலயே சொல்லுங்க. இல்லாட்டி வேற கையைப் பாருங்க."

இவ்வளவு பெரிய ஆளிடம், அன்றாடக் கூலிக்கு நிற்கிற ஒருவன் இப்படிப் பேசியதை அந்தப் பட்டறை பார்த்ததில்லை. எனக்குப் பயம்தான். ஆனால் பயத்தோடும் நிற்கலாம், கால் நம்முடையது. அவர் முகம் சிவந்து, மீசை துடித்தது. பஸ்ஸை அப்படியே இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன்.

அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். கலைந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார். "நேத்து நான் சொன்னது தப்பு. அம்மன் யார் கையின்னு பாக்கலைங்க. நான்தான் பாத்துப்போட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, பதில் எதிர்பார்த்து நின்றார். பரவாயில்லை என்று நான் சொல்வேன் என்று நினைத்திருப்பார். மேஸ்திரியும் அப்படித்தான் நினைத்திருப்பார். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. பரவாயில்லை என்று விடுகிற விஷயம் இல்லை அது.

சிவந்த இடத்தை வெட்டிப் புதுப் பட்டி வைத்து, காய்ந்து தேய்த்த பிறகு கன்னை எடுத்தேன். "கம்ப்ரசரைப் போடுங்க மேஸ்திரி" என்றேன்.